வண்டிக்கு ஒரு சட்டம், மாட்டுக்கு ஒரு சட்டம்

காரைக்குடி வட்டாரத்தில் கோயில் திருவிழா என்றால் தார்ச்சாலையில் மாட்டுவண்டிப் பந்தயமும் உண்டு. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரித்து நோட்டீஸ் அடிப்பார்கள். மெட்ரிக் அளவு வந்து அறுபது ஆண்டுக்கு மேலாகியும் தூரத்தை மட்டும் மைலில்தான் போடுவார்கள்: போய்வர எட்டு மைல், ஆறு மைல்.

கொடி அசைந்ததும் சாரதி முன்னால் குனிந்து மாட்டை விரட்டுவார். துணைச்சாரதி வண்டியிலிருந்து குதித்து, மாட்டோடு மாடாகக் கொஞ்ச தூரம் ஓடி, மறுபடி தாவி ஏறுவார். பார்ப்பவர்களுக்கு மூச்சு நின்றுவிடும். ஆனால் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்த்தால் இன்னொரு பந்தயமும் ஓடிக்கொண்டிருக்கும். டி.என். 63, 55, 65 என்று மூன்று மாவட்ட நம்பர் பிளேட்டுகளோடு பைக்குகள் சாலையை அடைத்துக்கொண்டு வரும். ஒரு பைக்கில் மூன்று பேர் இருப்பார்கள், தலைக்கவசம் இருக்காது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் செல்போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டே வருவார்.

முன்னால் போகும் மாட்டுக்கும் பின்னால் வரும் பைக்குக்கும் சாலை ஒன்றுதான், சட்டம் வேறு வேறு. இரண்டும் வந்த வழிகளும் வேறு.

செட்டிநாட்டுக்கு இரட்டைச் சட்டம் புதிதல்ல. காரைக்குடியும் தேவகோட்டையும் 1910-இல் உருவான ராமநாதபுரம் மாவட்டத்தில், வெள்ளைக்காரர் ஆட்சியின் கீழ் இருந்தன. ராயவரம், அரிமளம், கோனாபட்டு போன்ற நகரத்தார் ஊர்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தன. கொண்டான் கொடுத்தான் எல்லாம் ஒன்று. ஆட்சியும் சட்டமும் வேறு. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகுதான் அந்த எல்லைக்கோடு அழிந்தது.

மாட்டுக்கான சட்டம் பழையது. விலங்கு வதைத் தடுப்புக்கு 1890-இலேயே ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் வந்தது 1960-ஆம் ஆண்டுச் சட்டம். வண்டி இழுக்கும் விலங்குகளுக்காக 1965-இல் போட்ட விதிகளைப் பந்தயக்காரர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை, படிக்க வேண்டியவை. ஆணி வைத்த தார்க்குச்சி கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் ஊரில் பகல் 12 முதல் 3 மணி வரை மாட்டை வண்டியில் பூட்டக் கூடாது. நம் ஊரில் சித்திரை, வைகாசித் திருவிழாக்களுக்கு இந்த ஒரு விதியே போதும், பந்தயத்தைக் காலையிலேயே முடித்துவிட.

பெரிய வழக்கு 2006-இல் வந்தது. ஜல்லிக்கட்டு வழக்கு என்று ஊரே பேசுகிறதே, அது ஜல்லிக்கட்டில் தொடங்கியதல்ல. தென் மாவட்டக் கிராமம் ஒன்றில் கோயில் விழாவுக்கு ரேக்ளா எனப்படும் மாட்டுவண்டிப் பந்தயம் நடத்தக் காவல்துறை தடை செய்யக் கூடாது என்று ஒருவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். அனுமதி கேட்டு வந்தவருக்குத் தடை கிடைத்தது. 2006 மார்ச் 29 அன்று நீதிபதி ஆர்.பானுமதி அளித்த தீர்ப்பு ரேக்ளாவோடு நிற்கவில்லை. ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடுத்தது. மறு ஆண்டே இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2009-இல் தமிழக அரசு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. 2011 ஜூலையில், காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் மத்திய அரசு காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டு, மாட்டுவண்டிப் பந்தயம் இரண்டையும் நிறுத்தியது.

அதன்பின் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டு கேட்டுத் திரண்ட கூட்டத்தால் மெரினா நிரம்பியது. சில நாளில் அவசரச் சட்டமும், 1960 சட்டத்துக்குச் சட்டமன்றத் திருத்தமும் வந்தன. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. சிராவயல், கண்டிப்பட்டி, அரளிப்பாறை போன்ற ஊர்கள் நிம்மதியாக மஞ்சுவிரட்டு நடத்தலாம்.

ஆனால் திருத்தத்தின் வாசகத்தை நிதானமாகப் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஜல்லிக்கட்டு என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா என்று பெயர் சொல்லி அடுக்கியிருக்கிறார்கள். மாட்டுவண்டிப் பந்தயம் அங்கே இல்லை. மகாராஷ்டிரம் அதே 2017-இல் தன் சட்டத்தில் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. வழக்கைத் தொடங்கிவைத்ததே ரேக்ளா வண்டி. பலன் கிடைத்த பட்டியலில் அதற்கு இடமில்லை. விழாக் குழுவினர் அனுமதிக்காக இன்னும் மதுரைக் கிளையின் படியேறுவது இதனால்தான்.

இனி பைக். சென்னை மாகாணத்துக்கென்று இருந்த மோட்டார் சட்டத்தின் இடத்தில் 1914-இல் இந்தியா முழுமைக்குமான சட்டம் வந்தது. பிறகு 1939, 1988 என்று அது புதுப்பிக்கப்பட்டது. மாட்டுக்குப் போராடி வாங்கியது போன்ற விலக்கு எதுவும் இதில் கிடையாது. பொது இடத்தில் மோட்டார் பந்தயம் விட மாநில அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்கிறது 189-ஆம் பிரிவு. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் ஓடின. அதற்கு அரசே முன்னின்றது, உயர் நீதிமன்றமும் நிபந்தனை விதித்தது. ஒப்புதல் இல்லாமல் ஓட்டினால், 2019 திருத்தப்படி முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

‘ரோட்டில்தானே கூடாது, கண்மாயில் ஓட்டுகிறோம்’ என்று டர்ட் பைக் வாங்கிய பையன்கள் சொல்வதுண்டு. சட்டம் அவர்களைவிடச் சாமர்த்தியமானது. மக்கள் போய்வர உரிமையுள்ள எந்த இடமும் அதன் கணக்கில் பொது இடம். கண்மாயும் பொட்டலும் அதில் அடக்கம். பதிவைப் பொறுத்தவரை 39-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், பொது இடத்திலோ ‘வேறு எந்த இடத்திலோ’ என்று எழுதியிருக்கிறது. விலக்கு சில வகைகளுக்கே: நான்குக்கும் குறைவான சக்கரத்தோடு 25 சி.சி.க்கு மேற்போகாத வண்டி, தொழிற்சாலை மாதிரி அடைத்த வளாகத்துக்குள் மட்டுமே ஓடுவதற்காகச் செய்த வண்டி. முகப்பு விளக்கும் இண்டிகேட்டரும் இல்லாத போட்டி பைக்குக்குப் பதிவெண் கிடைக்காது. அதை இருங்காட்டுக்கோட்டை மாதிரியான மூடிய களத்துக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். பதினெட்டு வயது ஆகாத பையன் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் காத்திருக்கின்றன.

அரசு செய்ய வேண்டிய வேலை பெரிதல்ல. மாட்டுவண்டிப் பந்தயம் என்று பெயர் சொல்லிச் சட்டத்தில் எழுத வேண்டும். எத்தனை மைல், எந்த நேரம், சாலையை எவ்வளவு நேரம் மூடுவது என்று விதி போட வேண்டும். கூடவே, மாட்டுக்குப் பின்னால் ஒரு பைக்கும் வரக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த ஒரு வரியை விழாக் குழுக்கள் அரசாணைக்குக் காத்திராமல் அடுத்த நோட்டீஸிலேயே அச்சடிக்கலாம்.