திரிகடுகத்தில் திப்பிலி

சளிக்கும் இருமலுக்கும் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் கூட்டி வழங்குவது ஆயுர்வேதத்துக்கும் சித்தத்துக்கும் பொதுவான மரபு. கபத்தை அறுக்கும் என்பதே மருத்துவ நூல்கள் தரும் விளக்கம். ஆயினும் இம்மூன்றும் தனி மருந்தாக நின்றதைவிடப் பிற மருந்துகளுக்குத் துணையாகச் சென்றதே மிகுதி. ஏன்?

1920களின் இறுதியில் போஸ் என்பவர், ஆடாதோடை இலையோடு திப்பிலி சேரும்போது இரைப்புநோயில் அதன் பயன் கூடுவதைக் குறித்து வைத்தார். அரை நூற்றாண்டுக்குப் பின்னர், ஜம்மு வட்டார ஆராய்ச்சிக் கூடத்தில் சி. கே. அதல் குழுவினர் அதனை எலிகளில் சோதித்தனர். திப்பிலியோடு கொடுத்தபோது ஆடாதோடையின் வாசிசின் குருதியில் கூடுதலாகச் சேர்ந்தது. காரணம், மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின். சுக்கில் அது இல்லை.

1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் உண்டவர்களிடம் குர்குமின் ஏறத்தாழ 20 மடங்கு மிகுதியாகக் குருதியில் சேர்ந்தது. மிளகிட்ட மஞ்சள் பாலுக்கு இன்று எல்லோரும் காட்டும் சான்று இதுவே. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 விழுக்காடுதான். ஒரு குவளைப் பாலில் 2 கிராம் குர்குமின் சேர 60 கிராமுக்கு மேல் மஞ்சள் வேண்டும்! முன்னோர் அறிவியல் என்று முழங்குவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

1991இல் வெளியான மற்றோர் ஆய்வை அவர்கள் குறிப்பிடுவதுமில்லை. இரைப்புக்குத் தரப்படும் தியோஃபிலின் குருதியில் சேரும் அளவையும் பைப்பரின் உயர்த்துவதாக அது காட்டியது. பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளியே உள்ள மருந்து அது.