மொட்டை மாடியில் கீற்றுக்குப் பதிலா என்ன போடலாம்? பிளாஸ்டிக் கீற்று முதல் கலர் ஷீட் வரை... தீ, காற்று, வெயிலுக்கு எது தாங்கும்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஏதாவது ஒரு மாடியில் ஏறி நின்று பார்த்தால் போதும். சுற்றிலும் நீலம், சிவப்பு, பச்சை என ஷீட் போட்ட கூரைகள்தான் கண்ணில் படும். ஒரு காலத்தில் இதே மாடிகளில் தென்னங்கீற்றுக் கொட்டகைதான் இருந்தது. வெயிலுக்கு நிழல், பிள்ளைகளுக்கு டியூஷன், விசேஷத்துக்குப் பந்தி எல்லாமே அதன் கீழேதான் நடக்கும்.

இப்போது புதிதாக ஒரு ஆசை கிளம்பியிருக்கிறது. கீற்று மாதிரியே இருக்கும் பிளாஸ்டிக் கீற்று, மரப்பட்டை மாதிரியே இருக்கும் செயற்கை ஓடு என்று ரிசார்ட் பாணிக் கூரைகளின் வீடியோக்கள் செல்போனில் வரிசை கட்டுகின்றன. "தீப்பிடிக்காது, மக்காது, ஆயுசுக்கும் கவலை இல்லை" என்பது விளம்பரப் பேச்சு. அதில் எவ்வளவு உண்மை, மாடிக்கு எது பொருந்தும் என்று பார்க்கலாம்.

கீற்றை ஏன் மாற்ற வேண்டும்?

குளிர்ச்சி என்று வந்தால் கீற்றை அடிக்க ஆள் இல்லை. காய்ந்த ஓலை அடுக்குகளுக்கு நடுவே காற்று நிற்பதால் வெயிலின் சூடு உள்ளே இறங்காது. ஆனால் ஓரிரு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். எலி, கரையான் தொல்லை வேறு. இதையெல்லாம் விடப் பெரிய காரணம், தீ.

2004-ம் ஆண்டு தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடத்தை இரண்டு முறை சொன்னது. ஜனவரி 23-ம் தேதி ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபம் ஒன்றின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீடியோ எடுக்கப் போட்ட விளக்கின் மின் இணைப்பில் ஏற்பட்ட கோளாறுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. ஆறே மாதத்தில், ஜூலை 16-ம் தேதி, கும்பகோணம் பள்ளியில் சமையல் கூடத்துக் கீற்றுக் கூரையில் பிடித்த தீ மாடி வகுப்பறையின் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் பலியானார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றும்படி அரசு உத்தரவிட்டது.

இரண்டு இடத்திலும் கூரை எரிந்தது மாடியில் என்பதைக் கவனிக்க வேண்டும். தரையில் இருக்கும் குடிசையிலிருந்து எந்தப் பக்கமும் ஓடிவிடலாம். மாடியில் இறங்க ஒரே ஒரு படிக்கட்டுதான். எரியும் கீற்று மேலேயிருந்து கொத்துக் கொத்தாக விழும்போது அந்த வழியும் அடைபட்டுவிடும். வீட்டு மாடிக்கும் இது அப்படியே பொருந்தும். தீபாவளி ராக்கெட் எந்த மாடியில் போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அமெரிக்காவிலும் இதே கதைதான்

அங்கே கீற்றின் இடத்தில் மரம். சிடார் போன்ற மரத்தைப் பட்டை பட்டையாகப் பிளந்து, ஓடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். பார்க்க அழகுதான். 1991 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் பரவிய தீ 25 பேரின் உயிரைப் பறித்தது. அது வேகமாகப் பரவியதற்கு இந்த மரப்பட்டைக் கூரைகளும் ஒரு காரணம். எரியும் பட்டை காற்றில் பறந்து அடுத்த வீட்டுக் கூரையில் போய் விழும், அதுவும் பற்றிக்கொள்ளும்.

அதற்கு மாற்றாக வந்தவைதான் ரப்பர், பாலிமரில் செய்த செயற்கை மரப்பட்டை ஓடுகள். இப்போது நம் ஊர் செல்போன்களில் சுற்றுவதும் இவற்றின் படங்கள்தான். ஆனால் இவற்றுக்குச் சரிவான கூரையும், அடியில் பலகைத் தளமும் வேண்டும். தட்டையான கான்கிரீட் மாடியில் அந்தச் சரிவையும் பலகையையும் தனியாகக் கட்டித்தான் இதைப் போட முடியும். பட்ஜெட் எங்கேயோ போய்விடும்.

பிளாஸ்டிக் கீற்று தீப்பிடிக்காதா?

கடைகளில் 'செயற்கைக் கீற்று' என்று விற்பது பெரும்பாலும் பாலிஎத்திலின். குடமும் வாளியும் செய்கிற அதே குடும்பத்துப் பிளாஸ்டிக்தான். மழையில் மக்காது, கரையான் தொடாது, வெயிலில் பொடியாகாமல் இருக்க புற ஊதாக் கதிர் தடுப்பு மருந்து சேர்த்திருப்பார்கள். இதுவரை விளம்பரம் சொல்வது சரி.

தீ விஷயத்தில்தான் சிக்கல். பாலிஎத்திலின் சுமார் 130 டிகிரி செல்சியஸிலேயே உருக ஆரம்பித்துவிடும். தீ தொட்டால் எரியும். எரிந்துகொண்டே சொட்டும், அந்தச் சொட்டு கீழே இருக்கும் பாய், சோபா, துணியைப் பற்றவைக்கும். இதைத் தடுக்க உற்பத்தியின்போதே தீத்தடுப்பு ரசாயனம் கலக்க வேண்டும். அது கலந்த ரகமும் உண்டு, கலக்காத ரகமும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். விலை குறைவாக இருப்பது எந்த ரகம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே "இது ஓலை இல்லை சார், பிளாஸ்டிக், தீப்பிடிக்காது" என்ற பேச்சை அப்படியே நம்பக் கூடாது. தீத்தடுப்புச் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். கூரைப் பொருட்களைத் தீ தாங்கும் திறன்படி 'ஏ', 'பி', 'சி' என்று மூன்று வகுப்பாகப் பிரிக்கும் அமெரிக்க முறை ஒன்று இருக்கிறது. அதில் 'ஏ'தான் உயர்ந்தது. இறக்குமதிச் சரக்காக இருந்தால் அந்த வகுப்பைக் கேட்கலாம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சில செயற்கை ஓடுகள், அடியில் தனியாகத் தீத்தடுப்பு விரிப்பு போட்டால்தான் 'ஏ' வகுப்பு. விரிப்பு இல்லாமல் போட்டால் 'சி'க்கு இறங்கிவிடும்.

சான்றிதழ் காட்டாவிட்டால், சாம்பிள் இலை ஒன்றை வாங்கி, வெட்டவெளியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு பற்றவைத்துப் பாருங்கள். தீயை எடுத்ததும் தானே அணைகிறதா, தொடர்ந்து எரிந்து சொட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது. ஆனால் வேண்டாத சரக்கை ஒதுக்க இது போதும்.

சிமென்ட் ஷீட் பழசா? கை வைக்காதீங்க

கீற்றுக்கு முதல் மாற்றாக வந்தது ஆஸ்பெஸ்டாஸ், பேச்சு வழக்கில் சிமென்ட் ஷீட். தீப்பிடிக்காது, துருப்பிடிக்காது, விலையும் குறைவு. புறநகர் வாடகை வீடுகளில் இன்றும் நிறையவே இருக்கிறது.

ஆனால் ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 60-க்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்திருக்கின்றன. அமெரிக்கா 2024 மார்ச்சில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை விதித்தது. இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கங்கள் நிறுத்தப்பட்டுவிட்டாலும், ரஷ்யா போன்ற நாடுகளில் இருந்து நாரை இறக்குமதி செய்து ஷீட் தயாரிப்பது தொடர்கிறது. கடையில் சட்டப்படியே கிடைக்கிறது.

சும்மா கூரையில் கிடக்கும் நல்ல ஷீட்டை விட, உடைக்கும்போதும், அறுக்கும்போதும், ட்ரில் போடும்போதும் பறக்கும் தூசிதான் ஆபத்து. அந்த நார் நுரையீரலில் தங்கினால், நோய் வெளியே தெரியவே பல பத்தாண்டுகள் ஆகலாம். பழைய ஷீட்டை இறக்குவதாக இருந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டி உடைப்பது வேண்டவே வேண்டாம். துணி மாஸ்க் இதற்குப் போதாது, என்95 ரகமாவது வேண்டும். உடைந்த துண்டுகளைத் தெருக் குழியில் போட்டு மூடுவதும் தப்பு.

இன்னொன்று, பழைய சிமென்ட் ஷீட் மேல் நேராகக் கால் வைத்து ஏறினால் சட்டென்று உடைந்து ஆள் கீழே விழுந்துவிடுவார். குறுக்கே பலகை போட்டுத்தான் ஏற வேண்டும். வேலைக்கு வருபவர் "பரவால்ல, பழக்கம்தான்" என்று சொன்னாலும் விடாதீர்கள்.

கலர் ஷீட்: மி.மீ. கணக்கில் கவனம்

இன்றைக்கு மாடிக்கு அதிகம் போடுவது இதுதான். இரும்புத் தகட்டின் மேல் அலுமினியம், துத்தநாகக் கலவை பூசி, அதற்கு மேல் பெயின்ட். நல்ல ரகத்தில் பூச்சின் எடையில் 55 சதவீதம் அலுமினியம், 43.4 சதவீதம் துத்தநாகம், 1.6 சதவீதம் சிலிக்கான் இருக்கும். தகடு எரியாது. ராக்கெட் விழுந்தால் பெயின்ட் கருகும், அவ்வளவுதான். சென்னை மாடிக்கு, மொத்தத்தில் பார்த்தால், இதுவே சரியான தேர்வு.

ஏமாறும் இடம் தடிமன். கடையில் "0.50" என்பார்கள். அது பூச்சு, பெயின்ட் எல்லாம் சேர்ந்த மொத்தத் தடிமனா, உள்ளே இருக்கும் வெறும் இரும்பின் தடிமனா என்று கேளுங்கள். வலு கொடுப்பது இரும்புதான். மொத்தம் 0.50 மி.மீ. என்றால் உள்ளே இரும்பு அதை விடக் குறைவாகத்தான் இருக்கும். பில்லில் இரண்டையும் எழுதித் தரச் சொல்லலாம். அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்திலேயே இருக்கிறது, மைக்ரோமீட்டர் வைத்திருக்கும் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஒரு துண்டை எடுத்துப்போய் அளந்து பார்த்துவிடலாம். துத்தநாகப் பூச்சு ஷீட்டுக்கு ஐ.எஸ். 14246, அலுமினியம்-துத்தநாகப் பூச்சு ஷீட்டுக்கு ஐ.எஸ். 15965 என்று இந்திய தர எண்கள் உண்டு. ஷீட்டின் அடியில் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

யுபிவிசி ஷீட்டும் இப்போது அதிகம் வருகிறது. துருப்பிடிக்காது, மழைச் சத்தம் குறைவு. குளோரின் இருப்பதால் தீயை எடுத்ததும் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். ஆனால் புகை கெட்டது, மூச்சை அடைக்கும். சுமார் 80 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும் என்பதால் கீழே தாங்கும் குறுக்குக் கம்பிகளை நெருக்கமாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் ரெண்டு கோடையில் தொங்கிவிடும். 12 அடி ஷீட் ஒன்று, இரவுக் குளிருக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவே 40 டிகிரி வித்தியாசம் வந்தால் சுமார் 1 செ.மீ. நீளும். இரும்பு 2 மி.மீ. கூட நீளாது. அதனால் யுபிவிசிக்கு ஸ்க்ரூ ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டும். இறுக்கமாகப் போட்டால் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும்.

பாலிகார்பனேட் வெளிச்சத்துக்கு மட்டும்தான் சரி. அதன் கீழே மதியம் உட்கார முடியாது.

காற்று வந்தால் என்ன ஆகும்?

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 110 கி.மீ.யை ஒட்டி வீசியது. நான்கு பக்கமும் திறந்த மாடிக் கொட்டகைக்கு அது என்ன செய்யும்? 10-க்கு 20 அடி கூரை என்று வைத்துக்கொள்வோம். தோராயக் கணக்கில், அந்த வேகத்தில் கூரையை மேல்நோக்கித் தூக்கும் விசை ஒரு டன்னைத் தொடும். கூரையில் இருக்கும் கலர் ஷீட்டின் எடையோ 80 கிலோதான். மீதி அத்தனையையும் பிடித்து வைத்திருப்பது ஸ்க்ரூவும், பைப்பும், தளத்தில் அடித்த போல்ட்டும்தான்.

இந்திய கட்டட விதிமுறையில் சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் விசை இரண்டரை மடங்குக்கு மேல் கூடிவிடும். பறக்கும் ஷீட் பக்கத்து வீட்டுக்காரர் கழுத்துக்கு வரும் கத்தி.

பணத்தை மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான். தூணை மாடித் தளத்தின் மேல் சும்மா நிறுத்திச் சுற்றிலும் சிமென்ட் பூசிவிட்டுப் போவார்கள். அது பிடிமானம் அல்ல. அடியில் இரும்புத் தகடு வெல்டு வைத்து, ஆங்கர் போல்ட்டால் கான்கிரீட்டில் இறக்க வேண்டும். தூண் நிற்கும் இடம் கீழே பீம் அல்லது சுவருக்கு நேர் மேலே இருப்பது நல்லது. ஷீட்டின் ஓரத்திலும் மூலையிலும் காற்று அதிகமாகப் பிடித்து இழுக்கும், அங்கே ஸ்க்ரூ நெருக்கமாக வேண்டும். ரப்பர் வாஷர் இல்லாத ஸ்க்ரூ முதல் மழையிலேயே ஒழுகும்.

"மங்களூர் ஓடு போட்டா வெயிட்டுக்குப் பறக்காதுல்ல?" என்று கேட்பவர்கள் உண்டு. ஓடு எரியாது, குளிர்ச்சியும் தரும். ஆனால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 35 முதல் 40 கிலோ. பழைய மாடி அதைத் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்காமல் ஏற்றக் கூடாது.

வெயில்?

கலர் ஷீட்டின் பெரிய குறை இதுதான். ஏப்ரல், மே மதியத்தில் தகடு 60 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூடு அப்படியே கீழே இறங்கும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கும் நிலையில் இது சின்ன விஷயம் அல்ல. அடர் நீலம், அடர் சிவப்பை விட வெள்ளை அல்லது வெளிர் நிற ஷீட் சூடு குறைவாக வாங்கும். கூரையைத் தாழ்வாகப் போடாமல் உயர்த்திப் போட்டு, இரண்டு பக்கமும் காற்றுப் போக இடம் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். அறையாகவே அடைப்பதென்றால் நடுவே ஃபோம் வைத்த பஃப் பேனல் போடலாம், செலவு கூடும். அந்த ஃபோமும் எரியக்கூடியது என்பதால் தீத்தடுப்பு ரகமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

கீற்றின் மேல் ஆசை விடவில்லையா? கலர் ஷீட்டுக்குக் கீழே கீற்று வேய்ந்து 'சீலிங்' மாதிரி போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. மேலேயிருந்து விழும் ராக்கெட்டுக்கு அது தப்பிக்கும். ஆனால் கீழே ஓடும் ஃபேன், லைட் ஒயருக்கு? ஸ்ரீரங்கத்தில் காரணமாகச் சொல்லப்பட்டது மின்சாரம்தான்.

யாரிடம் கேட்க வேண்டும்?

மாடியில் நிரந்தரமாகக் கூரை போட்டு அடைத்தால் அது கட்டட விதிகளுக்குள் வரும். வேலை தொடங்கும் முன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். அம்பத்தூர், சென்னை மாநகராட்சியின் 7-வது மண்டலம். ஆவடி தனி மாநகராட்சி. பூந்தமல்லிக்கு நகராட்சி அலுவலகம். மாடிக்குப் பக்கத்தில் மின்கம்பி போகிறதென்றால் மின்வாரியத்தில் சொல்லி, எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கேட்ட பிறகே வெல்டரை வரச் சொல்லுங்கள். 20 அடி இரும்பு பைப்பை மாடிக்குத் தூக்கும்போது கம்பியில் பட்டு ஷாக் அடிக்கும் ஆபத்து, கூரை போடும் முதல் நாளிலேயே இருக்கிறது.