மேகத்துக்குக் கீழே

யுத்தத்தில் செத்தவன் என்றால் எதிரியின் குண்டு பட்டுச் செத்தவன் என்றே நினைத்துக்கொள்கிறோம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் படையில் மட்டும் 55,573 பேர் மாண்டார்கள். அவர்களில் 8,000 பேருக்கு மேல் பயிற்சியிலும் அது போன்ற மற்ற வேலைகளிலும் பறந்தபோது போனவர்கள். எதிரி நாட்டின் எல்லையைக்கூட எட்டிப் பார்க்காத பிள்ளைகள் அவர்களில் எத்தனையோ!

சண்டை விமானப் படைக்கும் இதே கதைதான். ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 1941 டிசம்பர் 11. இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் ஜில்லா.

ஜான் கில்லெஸ்பி மகீ என்று ஒரு பையன். ஷாங்காயில் பிறந்தவன். தகப்பனார் அமெரிக்கப் பாதிரியார். தாயார் ஆங்கில மாது. யேல் சர்வகலாசாலையில் உபகாரச் சம்பளம் கிடைத்திருந்தது. அதை உதறிவிட்டு 1940-ல் கனடா விமானப் படையில் சேர்ந்தான். அமெரிக்கா அப்போது யுத்தத்தில் இறங்கியிருக்கவில்லை. மறு வருஷம் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் வெகு உயரம் பறந்துவிட்டு வந்து, அந்த ஆனந்தத்தைப் பதினான்கு வரிக் கவிதையாக்கினான். பெற்றோருக்கு எழுதிய கடிதத்திலேயே அதையும் எழுதி அனுப்பினான். 'ஹை ஃப்ளைட்' என்று பெயர்.

அன்றைக்குத் தோழர்களோடு பயிற்சிக்குப் போனவன், மேகத்தின் இடைவெளி ஒன்றின் வழியாகக் கீழே இறங்கினான். கிரான்வெல் பயிற்சி நிலையத்தைச் சேர்ந்த ஆக்ஸ்ஃபோர்டு விமானம் ஒன்று அதே சமயம் அங்கே வந்துகொண்டிருந்தது. சுமார் 1,400 அடி உயரத்தில் இரண்டும் மோதின. மகீ கண்ணாடி மூடியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று குதித்ததை ஒரு குடியானவர் பார்த்தாராம். பாரசூட் விரியப் போதுமான உயரம் இல்லை. வயசு பத்தொன்பது.

அதே தினத்தில்தான் ஜெர்மனி அமெரிக்காவின் மீது யுத்தப் பிரகடனம் செய்தது. சொந்த நாட்டுக்கு முன்னாலேயே யுத்தத்துக்குப் போனவன், நாடு வந்து சேர்ந்த அன்றைக்கு இல்லை.

கவிதை பிழைத்துக்கொண்டது. 1942-ல் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகம் அதைக் காட்சிக்கு வைத்தது. 1986-ல் சாலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் மாண்டபோது, ஜனாதிபதி ரீகன் தம் உரையில் அதன் சொற்களைக் கையாண்டார். ஸ்காப்விக் கிராமத்தில் மகீயின் கல்லறையிலும் அதன் வரிகள் இருக்கின்றன.

அந்த ஆக்ஸ்ஃபோர்டு விமானத்திலும் ஒரு பையன் இருந்தானே? எர்னஸ்ட் கிரிஃபின். பறக்கப் பழகிக்கொண்டிருந்த மாணவன். அவனுக்கும் வயசு பத்தொன்பதுதான். அவனும் பிழைக்கவில்லை. மேகத்துக்கு மேலே போனபோது அவனுக்கும் மனசு துள்ளியிருக்காதா? வீட்டுக்கு அவன் போட்ட கடிதங்களில் சாப்பாட்டையும் குளிரையும் பற்றித்தான் எழுதினானோ என்னவோ.

எழுத்தை நம்பிப் பிழைக்கிற எனக்கு இதில் கொஞ்சம் வெட்கம் உண்டு. எழுதினவனை நாங்கள் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். எழுதத் தெரியாமல் செத்தவனை விட்டுவிடுகிறோம். மகீயின் கவிதையை இனி யாராவது எனக்குப் படித்துக் காட்டினால், முடித்த கையோடு கிரிஃபினின் பெயரையும் ஒரு தரம் சொல்லச் சொல்லப் போகிறேன்.