புடைப்பு வாழ்த்து மடல்கள்

மை தீட்டாமலேயே தாளில் ஓர் உருவத்தைத் தோற்றுவிக்க இயலும். தாளை அழுத்தி ஒரு பக்கம் பள்ளமாகவும் மறுபக்கம் மேடாகவும் ஆக்கிவிட்டால், ஒளியும் நிழலுமே அவ்வுருவத்தை வரைந்து காட்டிவிடும். இதனைப் புடைப்பு வேலை என்பர். கையால் இதனைச் செய்வார்க்கு வேண்டுவன சிலவே: உருவம் வெட்டப்பட்ட மெல்லிய பித்தளைத் தகடு, ஒளி புகும் கண்ணாடி, உருண்டை முனையுடைய கோல். கண்ணாடிமேல் தகட்டை வைத்து, அதன்மேல் தாளை முகம் கீழாகக் கவிழ்த்து, ஒளியிற் புலப்படும் விளிம்பு வழியே கோலை மெல்ல அழுத்தி இழுத்தால், மறுபுறத்தில் பூ எழுந்து நிற்கும். எழுத்துத் தகடாயின் இடவலம் மாற்றி வைத்தல் வேண்டும். கைவினை கற்பிக்கும் ஆசிரியர்க்கு, மாணவர் முதன்முறை இதில் தவறுவது புதிதன்று.

இப்புடைப்பு மடல்கள் பெருவணிகமாக வளர்ந்தமைக்கு அஞ்சற் கட்டணமே பெருங்காரணம் எனலாம். இங்கிலாந்தில் முன்னர்த் தொலைவையும் தாள்களின் எண்ணிக்கையையும் கொண்டே கட்டணம் வாங்கினர். உறையும் ஒரு தாளாகவே எண்ணப்பட்டது. 1840 சனவரி 10 முதல், அரை அவுன்சு எடைவரை நாடெங்கும் ஒரு பென்னி என்றாயிற்று. அதன்பின் மடலை அழகுசெய்து உறையிலிட்டு அனுப்புதல் எளியோர்க்கும் கைகூடியது. 1843இல் என்றி கோல் என்பார், ஓவியர் ஆர்சிலியைக் கொண்டு கிறித்துமசு வாழ்த்தட்டை அச்சிட்டார். அதன் விலையோ ஒரு சில்லிங். தொழிலாளர்க்கு எட்டாத விலை! சிறுமி மது அருந்தும் காட்சி அதில் இருந்தமையால் கண்டனமும் எழுந்தது.

புடைப்பு வேலை மிகுதியாகச் சிறந்தது காதலர் நாள் மடல்களிலேதான். இலண்டன் டாப்சு நிறுவனத்தில் பணியாற்றிய அடன்புரூக் என்பவர், 1834இல், புடைத்த தாளின் மேடுகளை அரத்தால் தேய்த்தெடுக்கத் துணிப்பின்னல் போன்ற துளைகள் தோன்றுவதைக் கண்டார் என்பர். பின்னல்தாள் என்னும் பொருள் இவ்வாறு பிறந்தது.

அமெரிக்காவின் வுசுடர் நகரில், எழுதுபொருள் வணிகரின் மகள் எசுதர் ஔலண்டு, இங்கிலாந்து மடல் ஒன்றைக் கண்டு, தாமும் அவ்வாறு செய்ய முனைந்தார். அவர் 1847இல் மவுண்ட் ஓலியோக்கில் கல்வி முடித்தவர். பின்னல்தாளை வரவழைத்துச் சில மாதிரிகள் செய்து, விற்பனைப் பயணம் சென்ற தம் உடன்பிறந்தாரிடம் கொடுத்தனுப்பினார். 200 டாலர் அளவே எதிர்பார்த்தவர்க்கு 5,000 டாலருக்கு மேற்பட்ட வேண்டுகை வந்ததென்று கூறுவர். வீட்டு மாடியே பட்டறையாயிற்று. ஒரு பெண் படங்களை வெட்ட, மற்றொருத்தி பின்புலம் அமைக்க, வேறொருத்தி ஒட்ட, மேசை வழியே மடல் நகர்ந்தது. பின்னல்தாளின் அடியில் வண்ணத்தாள் வைத்துப் புடைப்பை எடுத்துக்காட்டியதும், மடித்த தாள்களைத் தாங்கலாக இட்டு அடுக்குகளை உயர்த்தியதும் ஔலண்டின் நுண்திறன். ஒருவரே முழுமையும் செய்தால்தான் கைவினை என்பார் இதனை ஏற்கத் தயங்கலாம். எனினும் ஒவ்வொரு மடலும் மனித விரல்களாலேயே உருப்பெற்றது. பல மடல்களின் பின்புறத்தில் சிவப்பில் 'எச்' என்னும் எழுத்து மட்டும் உண்டு. ஒட்டிய பெண்களின் பெயர் இல்லை.

1881இல் அவர் தம் தொழிலை அதே நகரின் சார்சு விட்னிக்கு விற்றார். விட்னி புடைப்புத் தாளை வெளிநாட்டிலிருந்து வாங்குவதை விடுத்து, எந்திரங்கொண்டு தாமே செய்தார். அந்நிறுவனமும் போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டால் 1942இல் மூடப்பட்டது.