ரயிலடியிலிருந்து கடற்கரை வரை: செங்கல்பட்டுப் பக்கத்துக் காபிக்கடைகள்

செங்கல்பட்டு மாவட்டத்தில் காபிச் செடி விளைவதில்லை. பாலாற்றுப் படுகையும் ஏரிப் பாசன நிலமும் நெல்லுக்கு உரியவை. கரையோரத்தில் உப்பளம், சவுக்குத் தோப்பு, தென்னை. மலைச்சரிவும் மரநிழலும் கேட்கும் காபி இங்கே வந்தது வழிப்போக்கர்களுக்காக. முதலில் ரயில், பிறகு திருச்சி நெடுஞ்சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை என்று வழி மாறிய போதெல்லாம் கடையின் இடமும் முகமும் மாறின. ஒருவர் சொந்தமாக முதல் போட்டு, தாமே தூள் தேர்ந்து, டிகாஷன் இறக்கி, கல்லாவிலும் உட்காரும் தனிக்கடை மட்டும் எல்லாக் காலத்திலும் தாக்குப்பிடித்தது. இந்தப் பகுதியின் காபி வரலாறு பெரும்பாலும் அத்தகைய கடைகளின் வரலாறே.

காபி வணிகத்தில் கைதேர்ந்த ஐரோப்பியர்கள் இந்தக் கரைக்கு வெகு முன்பே வந்துவிட்டார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை இன்றும் நிற்கிறது. 1690களின் இறுதியில் மலபார்க் கரையிலிருந்து காபிச் செடிகளை ஜாவாவுக்குக் கொண்டுபோய், அங்கே பெரும் தோட்டத் தொழிலுக்கு வித்திட்டது அதே கம்பெனிதான். வடக்கே கோவளத்தில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்டெண்டு கம்பெனி குடியேற்றம் அமைத்தது. ஆனால் இரு கம்பெனிகளையும் இந்தக் கரைக்கு இழுத்தது துணி. இங்கே நெய்த துணி கப்பலேறியது; காபி இந்த ஊர்களுக்குள் நுழைய இன்னும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

மெக்காவிலிருந்து திரும்பிய பாபா புடன் என்ற சூஃபி ஞானி ஏழு காபி விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது தென்னிந்தியக் காபியின் பிறப்புக் கதை. தோட்டத் தொழில் வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டில். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் ஏற்காட்டில் காபி பயிரிட்டார். குடகு 1834இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் அங்கும், தொடர்ந்து வயநாடு, நீலகிரி மலைகளிலும் தோட்டங்கள் பெருகின. விளைந்ததில் பெரும்பகுதி கப்பலேறியது. தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் கூலிகளாகப் போய் உழைத்த இலங்கைத் தோட்டங்களை 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அழித்தது. அங்கே தேயிலை வந்தது. தமிழ் வீடுகளில் காபி பரவியது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான். காலையில் நீராகாரம் குடித்த குடும்பங்கள் காபிக்கு மாறியதையும், அதை எதிர்த்து எழுந்த புலம்பல்களையும் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

செங்கல்பட்டுக்கு அந்தப் பழக்கத்தைச் சுமந்துவந்ததில் ரயிலுக்குப் பெரும்பங்கு உண்டு. சென்னையிலிருந்து தெற்கே போகும் மீட்டர் கேஜ் பாதை 1870களின் இறுதியில் முழுமையடைந்தபோது, கொளவாய் ஏரிக்கரையில் அமைந்த செங்கல்பட்டு நிலையம் முக்கியமான நிறுத்தமானது. காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கம் போகிறவர்கள் மாறி ஏறும் சந்திப்பும் அதுதான். அதற்குமுன் பயணம் போகிறவர்கள் கட்டுச்சோற்று மூட்டையும் கூஜாவில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு சத்திரங்களில் தங்கிப் போனார்கள். ரயில் காத்திருக்காது. சில நிமிட நிறுத்தத்தில் சூடாக ஒன்றைக் குடித்துவிட்டு ஏற வேண்டுமென்றால் காபியைவிடப் பொருத்தமான பானம் இல்லை. நீதிமன்றத்துக்கு வந்துபோகும் கூட்டமும் சேர்ந்தது. ரயிலடியிலும் கச்சேரி வாசலிலும் காபி கிளப்புகள் பிழைக்க இந்த இரண்டு கூட்டங்கள் போதும்.

அன்றைய காபி கிளப் எல்லாருக்கும் பொதுவான இடமாக இல்லை என்பதை மறைக்கக் கூடாது. தமிழகமெங்கும் பல கிளப்புகளின் பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல் இருந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் பிராமணர்களுக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு வேறிடம் என்று தடுத்து வைத்திருந்தார்கள். தாழ்த்தப்பட்டவர்கள் எந்தப் பக்கத்திலும் சேராதவர்கள். காசு கொடுத்து வாங்கும் ஒரு டம்ளர் காபிக்கு நடுவில் சாதி நின்றது.

இந்தச் சாதிக் கேள்வி செங்கல்பட்டில் மற்ற ஊர்களைவிடக் கூர்மையானது. இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி 1891இல் கலெக்டர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கைதான் அடுத்த ஆண்டு தாழ்த்தப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கிய பஞ்சமி நில ஆணைக்கு வழிகாட்டியது. சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு 1929 பிப்ரவரியில் கூடியதும் செங்கல்பட்டில்தான். டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையேற்ற அந்த மாநாடு சாதிப் பட்டங்களை விட்டொழிக்கவும் பெண்களுக்குச் சம சொத்துரிமை வழங்கவும் தீர்மானித்தது. ரயில் நிலையங்களின் உணவுச் சாலைப் பிரிவினை 1941இல் விலக்கப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்றது. ஆனாலும் பலகைகள் உடனே இறங்கவில்லை. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் முன்னால் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்ய வேண்டியிருந்தது. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை அதன் பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. இன்று செங்கல்பட்டு பேருந்து நிலையத்தருகே முன்பின் தெரியாத இருவர் ஒரே மேடையில் டம்ளரை வைத்துக் காபி குடிக்கிறார்கள் என்றால், அது போராடிப் பெற்ற உரிமை. காபிக்கடையின் சிறப்புகளைப் பட்டியலிடுவோர் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கடையின் கைத்திறம் அடுத்தது. வடிகட்டிக் காபிக்கு வேண்டியவை கொஞ்சம்தான்: கொட்டை, தூள், கொதிநீர், பால், சர்க்கரை. அந்தக் கொஞ்சத்திலேயே கடைக்குக் கடை சுவை வேறாகிறது. கொட்டையில் பிளாண்டேஷன் ‘ஏ’, பீபெர்ரி, ரொபஸ்டா என்ற வகைகள் உண்டு. அராபிகா வகைக்கு மணம் அதிகம். ரொபஸ்டா சேர்த்தால் கசப்பும் திடமும் ஏறும். சிக்கரி என்பது ஒரு செடியின் வறுத்த வேர்; அதில் காஃபீன் இல்லை, ஆனால் டிகாஷனுக்குக் கருநிறமும் கெட்டியும் தரும். சிக்கரி கலந்த தூளில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பதும், கலவை விகிதத்தை உறையில் அச்சிட வேண்டும் என்பதும் சட்டம். அந்த எல்லைக்குள் எவ்வளவு சேர்ப்பது என்பதை ஒவ்வொரு கடைக்காரரும் தம் வாடிக்கையாளரின் நாக்கை அறிந்து முடிவு செய்கிறார். தூள் அரைக்கும் கடையில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை புதிதாக வாங்குபவர்களும் உண்டு. அரைத்த தூளில் மணம் நாளுக்கு நாள் குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

டிகாஷன் இறக்குவது பொறுமையின் வேலை. மேல் பாத்திரத்தில் தூளை இட்டு, குடை போன்ற தட்டால் மெல்ல அமுக்கி, கொதிநீரைச் சுற்றி ஊற்றி மூடிவைத்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும். அதிகம் அமுக்கினால் நீர் இறங்காது. அமுக்காமல் விட்டால் நீர்த்துப்போகும். முதல் டிகாஷன் கெட்டியானது. அதே தூளில் மறுபடி நீர் ஊற்றி எடுக்கும் இரண்டாம் டிகாஷனில் மணம் குறைவு. பெரிய ஓட்டல்களில் துணி வடிகட்டியில் பெருமளவு இறக்குவார்கள். சிறிய கடைக்காரர் விடியுமுன்பே முதல் வடிகட்டியைப் போட்டு, கூட்டத்தைப் பார்த்து அடுத்ததைப் போடுகிறார். டிகாஷனை மறுபடி கொதிக்கவைத்தால் கசந்துவிடும் என்பதால் இந்தக் கணக்கு முக்கியம். பால் தண்ணீர் கலக்காததாக, அப்போதே காய்ச்சியதாக இருக்க வேண்டும். கடைசியில் டபராவுக்கும் டம்ளருக்கும் இடையில் ஆற்றும்போது சூடு தணிகிறது, சர்க்கரை கரைகிறது, நுரை எழுகிறது. ‘ஸ்ட்ராங்கா ஒண்ணு, சர்க்கரை கம்மி’ என்று ஒருவர் சொல்லும் முன்பே மாஸ்டரின் கை அந்த அளவுக்குப் போய்விடுவது, தினமும் ஒரே ஆள் ஒரே அடுப்படியில் நிற்கும் கடையில் மட்டும் நடக்கக்கூடியது. நூறு கிளைகளிலும் ஒரே சுவை வேண்டும் என்று திட்டமிடும் நிறுவனம் இதைத் தர இயலாது. அதன் நோக்கமே வேறு.

நாட்டளவில் நடந்த மாற்றங்களும் இந்தச் சிறு கடைகளைத் தொட்டன. உள்நாட்டில் காபி விற்பனையைப் பெருக்க 1935இல் வரிக்குழு அமைந்து, மறு ஆண்டு பம்பாயில் முதல் இந்தியா காபி ஹவுஸ் திறந்தது. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டுக் கொட்டை தேங்கியபோது காபி வாரியம் உருவாகி, விளைச்சல் முழுவதையும் தானே வாங்கி விற்றது. 1950களின் நடுவில் வாரியம் காபி ஹவுஸ்களை மூடத் தொடங்கியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலன் தூண்டுதலால் 1957இலிருந்து கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாங்களே நடத்தினார்கள். அது ஊழியர்களே உரிமையாளர்களான கடை. தனிக்கடைக்கு மிக நெருங்கிய உறவு. 1990களில் வாரியத்தின் கொள்முதல் ஏகபோகம் முடிந்தது. தோட்டக்காரர்கள் நேரடியாக விற்கவும், சிறு வறுப்பாளர்கள் தோட்டத்தைத் தேர்ந்து வாங்கவும் வழி பிறந்தது. பெங்களூரில் 1996இல் கஃபே காபி டே தொடங்கியதும் அதே காலத்தில்தான்.

நெடுஞ்சாலைக் கடைகளின் எழுச்சி இதற்குப் பிந்தையது. 2000களில் தாம்பரத்திலிருந்து தெற்கே போகும் திருச்சி சாலை நான்குவழியானதும், சென்னையிலிருந்து தென்மாவட்டங்களுக்குக் காரில் போகிறவர்கள் பெருகினார்கள். விடியற்காலையில் புறப்படுபவர்களுக்கு முதல் இளைப்பாறல் செங்கல்பட்டைத் தாண்டித்தான். பாலாற்றுப் பாலத்துக்கு அப்பால் மதுராந்தகம், அச்சிறுபாக்கம் என்று சாலை நெடுக ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகைகள் முளைத்தன. கீற்றுக் கூரை, மர பெஞ்சு, பளபளக்கும் பித்தளை டபரா. ரயிலடிக் கிளப்பின் காபி புளியமர நிழலுக்கு இடம் மாறியது. ஒரு பெயர் பிடித்துப்போனதும் அதே பெயரில் அடுத்தடுத்துக் கடைகள் வந்ததால் தரம் சீராக இல்லை. பித்தளை இருக்கும் இடத்திலெல்லாம் நல்ல டிகாஷன் இருக்காது. என்றாலும், வீட்டிலிருந்து மறைந்துகொண்டிருந்த பித்தளை டபராவைப் புதிய தலைமுறையின் கையில் கொடுத்தது இந்தச் சாலைதான்.

மாமல்லபுரத்தின் கதை தனி. ரயில் காலத்தில் அங்கே போக விரும்பியவர்கள் செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் மாட்டுவண்டியில் போக வேண்டும். இல்லையென்றால் பக்கிங்காம் கால்வாயில் படகு. திருக்கழுக்குன்றத்தில் மலைக்கோயிலுக்கும் உச்சிப்பொழுதில் உணவுண்ண வந்த கழுகுகளுக்குமாக யாத்ரிகர்கள் இறங்கினார்கள். மாமல்லபுரமோ கல்தச்சர்களும் மீனவர்களும் வாழும் சிற்றூர். விடியுமுன் கடலுக்குப் போய்வருபவருக்கு இன்றளவும் டீக்கடைதான் துணை. 1984இல் யுனெஸ்கோ அதன் சிற்பத் தொகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதே ஆண்டில் பக்கத்துக் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. முதலாவது வெளிநாட்டாரையும், இரண்டாவது பல மாநிலத்து ஊழியர்களையும் இந்தக் கரைக்கு அழைத்தது.

கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே ஒத்தவாடைத் தெருவில் விடுதிகளும் அவற்றை ஒட்டிச் சிறு உணவகங்களும் எழுந்தன. முதுகுப்பையோடு வந்து வாரக்கணக்கில் தங்கும் ஐரோப்பியர்கள்தான் அவற்றின் வாடிக்கையாளர்கள். வீட்டு மாடியும் முற்றமும் கஃபேயாக மாறின. மூன்ரேக்கர்ஸ், லே யோகி, கெக்கோ கஃபே போன்ற பெயர்கள் பயணக் கையேடுகளில் ஏறின. இங்கே காபியோடு நேரமும் விற்கப்படுகிறது என்பதுதான் ரயிலடிக் கடைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு. ரயிலடியில் நின்றபடி குடித்துவிட்டு ஓட வேண்டும். ஒத்தவாடையில் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு பிற்பகல் முழுவதும் புத்தகம் படிக்கலாம், யாரும் எழுப்புவதில்லை.

1990களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை சீரமைக்கப்பட்டதும் மாமல்லபுரம் சென்னைக்குப் பக்கத்து ஊராகிவிட்டது. புதுச்சேரி, ஆரோவில் கஃபேக்களின் தாக்கமும் அதே சாலையில் வந்தது. 2004 சுனாமி கரையோரத் தொழில்களை அடித்துப்போட்டது. மீண்டெழுந்த கரைக்கு அலைச்சறுக்கு புதிய கூட்டத்தைக் கொண்டுவந்தது. கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளியும், 2013இலிருந்து அங்கே நடந்த திருவிழாவும் சென்னை இளைஞர்களை விடியற்காலையில் கடலுக்கு இழுத்தன. அலையிலிருந்து ஏறி வருபவர்களை நம்பிக் கரையோரக் கஃபேக்கள் வந்தன. எஸ்பிரஸ்ஸோ இயந்திரம் ஒன்பது மடங்கு காற்றழுத்தத்தில் அரை நிமிடத்தில் இறக்கும் காபிக்கும், பித்தளை வடிகட்டி அரைமணி நேரம் சொட்டவிடும் டிகாஷனுக்கும் கொட்டை வருவது அதே சிக்கமகளூர், ஏற்காடு மலைகளிலிருந்துதான். சில புதிய கடைகள் தோட்டத்தின் பெயரைச் சீட்டில் எழுதிவைக்கின்றன.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நினைவுச்சின்னங்கள் மூடப்பட்டு வெளிநாட்டு விமானங்கள் நின்றபோது, ஒத்தவாடைத் தெருவுக்கு நவம்பர் முதல் மார்ச் வரையான பருவமே இல்லாமல் போனது. வெளிநாட்டாரை மட்டும் நம்பிய கடைகளுக்கு அது கடும் சோதனை. சென்னையிலிருந்து வார இறுதியில் வருபவர்கள்தான் திறந்திருந்த கடைகளைத் தாங்கினார்கள். 2021–22இல் மாமல்லபுரச் சின்னங்களைப் பார்த்த வெளிநாட்டவர் 1.4 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டு தாஜ்மகாலைவிட அதிகம். 2022 ஜூலை, ஆகஸ்டில் இங்கே நடந்த சதுரங்க ஒலிம்பியாடு பல நாட்டு ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. இப்போது கடற்கரைக் கஃபேக்களின் பட்டியலில் கப்புச்சினோவுக்குப் பக்கத்தில் ஃபில்டர் காபியும் இருக்கிறது. உள்ளூர்க்காரர் அதை டபராவில் கேட்கிறார், வெளிநாட்டுக்காரரும் அப்படியே கேட்கக் கற்றுக்கொள்கிறார்.