தலைமடையில் இருந்தும்: மடுல்சீமையின் மழையும் மீனும்

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் நாட்களில் ஊவா மாகாணத்திலிருந்து பத்திரிகை அலுவலகங்களுக்கு வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே வடிவில் இருக்கும். வீதியில் மண்மேடு சரிந்தது; லயன் குடியிருப்பொன்றிலிருந்து சில குடும்பங்கள் பாடசாலைக்கு இடம்பெயர்ந்தன; ஓயா பெருக்கெடுத்தது. நான்கு வரிகளில் எல்லாம் அடங்கிவிடும். செய்தி மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அத்தகைய நான்கு வரிகளை நானும் எத்தனையோ முறை திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். பெருக்கெடுத்த அந்த ஓயா எங்கே போய்ச் சேர்கிறது, அதில் என்ன வாழ்கிறது, அது யாருடையது என்ற கேள்விகள் அப்போது எனக்கு எழுந்ததில்லை. காலம் தாழ்த்தியேனும் அவற்றைக் கேட்டுப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

இலங்கை மலைநாட்டின் மழைக்காலம் ஒன்றல்ல, இரண்டு. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து மேற்குச் சரிவுகளை நனைக்கிறது. அதே காற்று மத்திய மலைகளைக் கடந்து ஊவாவுக்கு வரும்போது ஈரத்தை இழந்து, உலர்ந்த கச்சான் காற்றாக வீசுகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறிக்கப்படும் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் உள்ள தனி மணத்துக்கு இந்த வறண்ட காற்றே காரணம். ஒக்டோபரில் நிலைமை தலைகீழாகிறது. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் மழைமேகங்கள் கிழக்கு நோக்கி நிற்கும் மலைகளில் மோதுகின்றன. பதுளைக்குக் கிழக்கே நிற்கும் மடுல்சீமைத் தொடர் அவற்றுள் ஒன்று. ஆகவே ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரையான காலமே அங்கு ஓடைகள் நிறையும் காலம்.

மடுல்சீமை ஒரு நீர்பிரி மேடு. அதன் வடபுறத்து நீர் லொக்கல் ஓயா வழியாக மகியங்கனைப் பக்கம் சென்று மகாவலியில் கலந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவை அடைகிறது. கிழக்கே இறங்கும் நீர் கல்லோயா ஆகிறது. தமிழர் நெடுங்காலமாகப் பட்டிப்பளை ஆறு என்று அழைத்து வந்த ஆறு அதுவே. ஏறக்குறைய 108 கிலோமீற்றர் ஓடி, கல்முனைக்குத் தெற்கே அது கடலோடு சேர்கிறது. மடுல்சீமையில் ஒரு லயத்துக் கூரையின் இருபுறமும் வடியும் மழை வெவ்வேறு கடற்கரைகளுக்குப் போகக்கூடும் என்றால் அது மிகையன்று.

இந்தப் பருவத்தில் மலையாற்றில் மீன்பிடிப்பது எளிதன்று. செம்மண் கலந்து நீர் கலங்கிவிடும். நீரின் வேகம் மீனை நடு ஓட்டத்தில் நிற்க விடாது. அது பாறை மறைவுக்கும் கரையோரச் சுழல்களுக்கும் ஒதுங்கும். பெருமழை கொட்டும்போது தூண்டில் பயன்படாது. மழை ஓரிரு நாள் விட்டு நீர் தெளியத் தொடங்கும் நேரமே வாய்ப்பான நேரம். கரையிலிருந்து அடித்து வரப்பட்ட புழு, பூச்சிகளைத் தேடி மீன் மேய வரும். மண்புழு கோத்த தூண்டிலுக்கு அப்போதுதான் வேலை. தாழ்வான வயற்பகுதிகளில் விராலும் கெளுத்தியும் வெள்ளத்தோடு வயலுக்குள் ஏறும். கல்லை வாயால் பற்றிக்கொண்டு பாய்ச்சலை எதிர்த்து நிற்கும் சிறுமீன் ஒன்று மலையோடைகளில் உண்டு. சிங்களத்தில் அதனைக் கல்பாண்டியா என்பர். பெரிய ஆறுகளில் லேஹெல்லா என்னும் மகசீர் இனம் உண்டு. இவற்றோடு விலாங்கும் வாழ்கிறது. ஆற்றில் பல ஆண்டுகள் வளர்ந்து, முதிர்ந்தபின் வெள்ளத்தோடு இறங்கிக் கடலுக்குச் சென்று அங்கே முட்டையிடும் மீன் அது. அதன் குஞ்சுகள் கடலிலிருந்து மீண்டும் ஆறேறி வரும். கடலையும் மலையையும் ஒரே உயிர் இணைக்கும் இந்தப் பயணம் அணைகள் எழுவதற்கு முன் தடையின்றி நடந்து வந்தது.

இந்த ஓடைகளின் வரலாற்றில் முதல் பெருந்திருப்பம் கோப்பி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைக்காடுகள் வெட்டி எரிக்கப்பட்டு, செங்குத்தான சரிவுகளில் கோப்பி நடப்பட்டது. அந்தக் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் இலங்கையில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட இடம் மடுல்சீமைப் பகுதியே. பூஞ்சணம் ஒன்றினால் வந்த அந்நோய் இருபது ஆண்டுகளுக்குள் ஒரு தொழிலையே சாய்த்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறினாலும் காடு திரும்பவில்லை. மரவேர் பிடித்து வைத்திருந்த மண் ஒவ்வொரு வடகீழ்ப் பருவமழைக்கும் ஓடையில் இறங்கியது. கூழாங்கற்களுக்கிடையே முட்டையிட்டு, கல்லில் படரும் பாசியை மேயும் மீன்களுக்குச் சேற்றுப் படிவைவிடக் கொடிய பகை வேறில்லை.

காட்டை அழித்தவர்களுக்கு மீன்மீது ஆர்வம் இல்லாமலில்லை. ஆனால் அவர்கள் விரும்பிய மீன் இங்குள்ளதன்று. 1880களில் பிரித்தானியாவிலிருந்து ட்ரவுட் மீனின் முட்டைகள் குளிர் கெடாமல் கப்பலேறி வந்தன. நுவரெலியாவில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் உருவானது. ஊவாவின் மேற்கு விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேல் அமைந்த ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் வானவில் ட்ரவுட் தானாகவே இனம் பெருக்கியது. அங்கே வேறெங்கும் இல்லாத சிறு இறால் இனமொன்று வாழ்கிறது. அந்நிய மீன் அதற்கு அச்சுறுத்தலாகியது. மடுல்சீமை ட்ரவுட்டுக்கு ஏற்ற உயரமன்று. ஆயினும் இந்த மீனின் கதை மலைநாடு முழுவதுக்கும் பொதுவானது. ஓடை ஒன்று துரைமாரின் பொழுதுபோக்குக்கு ஒதுக்கப்பட்டது; அதில் தூண்டில் போட அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது.

அதே காலத்தில்தான் தமிழகத்திலிருந்து மனிதர்களும் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து ஊவா வரை மலையேறினார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர் பலர். மீன்முட்டை குளிர் கெடாமல் வந்து சேர்ந்ததற்கு எடுத்துக்கொண்ட அக்கறையை இந்த மனிதர்களின் பயணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவர்களுடைய தட்டில் விழுந்த மீன் ஓடை மீனன்று, கருவாடு. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, மாலைவரை மலையில் வேலைசெய்து, ஒரு நாள் பேர் விழவேண்டும் என்று உழைத்தவருக்கு ஆற்றங்கரையில் காத்திருக்க நேரம் ஏது? அரிசியும் கருவாடும் கடனில் வந்தன. கடன் கங்காணியின் கணக்கில் ஏறியது. தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாறவேண்டுமானால், அவருடைய கடன் தொகையைக் குறித்த துண்டு என்னும் சீட்டைப் புதிய தோட்டம் ஏற்றுப் பணம் கட்டவேண்டியிருந்தது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை மனிதரைத் தோட்டத்தோடு கட்டிவைத்த கயிறு அது. உண்ட கருவாட்டுக்கும் அந்தக் கயிற்றில் ஓர் இழை உண்டு. லயத்துக்குக் கீழே ஓடிய ஆற்றின் மீன், ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர் பிடித்த அளவோடு நின்றது.

இரண்டாவது திருப்பம் சுதந்திரத்துடன் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1949இல் அவர்களுடைய வாக்குரிமையும் போயிற்று. அதே 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலையில் பட்டிப்பளை ஆறு மறிக்கப்பட்டு, 770,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும் நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் உருவானது. குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் பெயரையே அது தாங்கி நிற்கிறது: சேனாநாயக்க சமுத்திரம். கீழே காணிகள் வெட்டப்பட்டு, குடியேற்றவாசிகளுக்கு வழங்கப்பட்டன. அந்த நீரைத் தரும் மலையில் தலைமுறைகளாக வாழ்ந்தவர், குடியுரிமை இல்லாத காரணத்தால் அந்தக் காணிக்கு விண்ணப்பிக்கவும் தகுதியற்றவரானார்.

நம் ஊர்ப் பாசனத்தில் தலைமடை, கடைமடை என்று சொல்வது வழக்கம். தலைமடைக்காரன் தன் வயல் நிறைந்தபின் நீரை விடுவான், கடைமடைக்காரன் காத்திருப்பான். மடுல்சீமையில் இந்த முறை தலைகீழாயிற்று. தலைமடையில் இருந்தவனுக்கு வயலே இல்லை.

1950களின் தொடக்கத்தில் ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா இலங்கைக்கு அறிமுகமானது. ட்ரவுட்டைப் போலன்றி இது ஏழையின் மீன். வெதுவெதுப்பான தேங்கு நீரில் விரைந்து பெருகும், எதையும் தின்னும். சேனாநாயக்க சமுத்திரம் உட்படப் புதிய, பழைய நீர்த்தேக்கங்களில் எல்லாம் அது நிறைந்தது. நன்னீர் மீன்பிடி என்பதே ஒரு தொழிலாகியது. 1980களில் விக்டோரியா, ரந்தெனிகல போன்ற மகாவலி அணைகள் எழுந்தபோது தொழில் மேலும் விரிந்தது. பின்னர், உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்ற சமயக் கருத்தின் செல்வாக்கினால், 1990இல் பிரேமதாச அரசாங்கம் நன்னீர் மீன்பிடிக்கான அரச ஆதரவை நிறுத்தியது. 1994இல் ஆட்சி மாறியபின்னரே அது மீண்டது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தேசிய நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை அமைந்தது. மீன்குஞ்சுகளைக் குளங்களில் விடும் பணி அதன்பின் ஒழுங்காக நடைபெறத் தொடங்கியது. தோட்டக் குளங்கள் சிலவும் அதில் சேர்க்கப்பட்டன.

இங்கேதான் ஒரு வட்டம் முழுமையாகிறது. மடுல்சீமையில் பெய்த மழை கீழே குளமாகிறது. குளத்தில் திலாப்பியா வளர்கிறது. அந்த மீன் வியாபாரியின் பெட்டியில் மலையேறி வந்து, லயத்து வாசலில் விலைக்கு நிற்கிறது. தம் மலையின் நீரில் வளர்ந்த மீனைக் கொழுந்து பறித்த கூலியால் வாங்குகிறார்கள். வாங்க முடிவதும் ஒரு முன்னேற்றமே என்பதை மறுப்பதற்கில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டங்களில் நிகழ்ந்த பட்டினிச் சாவுகளை அறிந்தவர்களுக்கு அது தெரியும்.

மழைக்கு மறுபக்கமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலைச்சரிவு லயன்களைப் புதைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. ஓடையைச் சேறாக்கி மீனை விரட்டுவதும், வீட்டைப் புதைத்து மனிதரைக் கொல்வதும் ஒரே மண்தான். பற்றிப் பிடிக்க வேரில்லாத சரிவும், விலகிச் செல்ல வேறு நிலமில்லாத குடியிருப்பும் சேரும் இடத்தில் இயற்கைச் சீற்றம் என்ற சொல் பாதி உண்மையையே சொல்கிறது.

2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றவர் என்ற அவலத்துக்கு முடிவு கட்டியது. வாக்கு வந்தது, அடையாள அட்டை வந்தது. நிலமும் நீரும் அவற்றைத் தொடர்ந்து வந்துவிடவில்லை. லயத்தின் கீழே உள்ள குளம் இன்றும் தோட்டத்தின் குளம். அதில் மீன்குஞ்சு விடுவதற்கும், வளர்ந்த மீனைப் பிடிப்பதற்கும் குடியிருப்பாளரின் சங்கமொன்றுக்கு நீண்டகால உரிமை அளிப்பது பெரிய செலவுள்ள காரியமன்று. ஓடைக்கரைகளில் சில மீற்றர் அகலத்துக்குத் தேயிலையை விட்டுக்கொடுத்து மரம் நடுவதும் அப்படியே. முன்னது தட்டுக்கு மீன் தரும்; பின்னது ஓடைக்குத் தெளிவையும் சரிவுக்குப் பிடிப்பையும் தரும்.

அடுத்த கார்த்திகையிலும் அந்த நான்கு வரிச் செய்தி வரும். அதைத் திருத்தும் இளைய நண்பர்கள் ஐந்தாவது வரியாக ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்: அந்த ஓடையும் அந்தச் சரிவும் அங்கு வாழ்பவருக்கு எப்போது உரிமையாகும்?