கண்ணாடித் தொட்டியில் கடல்மீன்கள்

பரந்த கடலில் ஒரு மீன் மற்றொன்றின்மேல் பகை கொண்டால், வலிமை குன்றியது விலகி ஓடிவிடுகிறது. அல்லது பவளப்பாறையின் இடுக்கில் புகுந்து ஒளிந்துகொள்கிறது. ஓடவும் ஒளியவும் இடம் இருப்பதனாலேயே அங்கே பலநூறு இனங்கள் அடுத்தடுத்து வாழ முடிகிறது. நான்கடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியிலோ ஓடுவதற்கு வழியில்லை. துரத்தப்பட்ட மீன் மூலையில் ஒடுங்கி, இரையெடுக்க அஞ்சி, சில நாட்களில் மாண்டுபோகிறது. ஆகவே, யாருக்கு யார் அயலார் என்று முடிவு செய்யும் பொறுப்பு, தொட்டியை வைத்திருப்பவரையே சாருகிறது. இப்பொறுப்பை மனிதர் சிறுகச் சிறுக உணர்ந்த வரலாறு சுவையானது. வீட்டில் கடல்மீன் வளர்க்க விரும்புவோருக்குப் பயனுள்ளதும் ஆகும்.

முதலில் எழுந்த கேள்வி, அடைபட்ட நீரில் உயிர்கள் பிழைத்திருப்பது எங்ஙனம் என்பதே. 1846-ஆம் ஆண்டில் அன்னா தின் என்ற ஆங்கில மாது, டார்க்கி கடற்கரையிலிருந்து பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். நீரில் காற்றுக் கலப்பதற்காக, திறந்த சன்னலின் முன் நின்று, பாத்திரத்துக்குப் பாத்திரம் அந்நீரை ஊற்றி ஆற்றும்படி நாள்தோறும் பணிப்பெண்ணை ஏவினாராம். 1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற இரசாயன அறிஞர் இதற்கு எளிய வழியொன்றைக் கண்டார். பொன்மீன்களுடன் வேலம்பாசி வகையைச் சேர்ந்த நீர்ச்செடியைத் தொட்டியில் வைத்தார். செடி உயிர்வாயுவை அளித்தது. ஆனால் அதன் இலைகள் அழுகி நீரைக் கெடுத்தன. நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்று நீரைத் தெளிவாக்கின. அவற்றின் முட்டைகளோ மீனுக்கு இரையாயின. ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவாகுமாறு கூட்டாளிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற முதற்பாடம் இங்ஙனம் கிடைத்தது. அடுத்து அவர் கடல்நீரிலும் இம்முறையைச் செய்து பார்த்தார்.

1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கென ஒரு தனிக் கட்டடம் திறக்கப்பட்டது. அதற்கு உயிர்களைத் திரட்டித் தந்தவர்களுள் ஒருவரான பிலிப் ஹென்றி காஸ், மறு ஆண்டு எழுதிய நூலினால் ‘அக்வேரியம்’ என்னும் சொல்லை ஊரறியச் செய்தார். நம் நாட்டில் 1909-ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் கடல்மீன் காட்சிசாலை ஒன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பம்பாய் வாழ் தமிழர் நன்கறிந்த தாராபூர்வாலா காட்சிசாலையை 1951-இல் இராஷ்டிரபதி இராஜேந்திர பிரசாத் திறந்து வைத்தார். நம் நாட்டின் இவ்விரண்டும் கடலை அடுத்து அமைந்திருந்தன; வேண்டும்போது புதுநீர் பெறக்கூடியவையாக இருந்தன. டில்லியிலோ நாகபுரியிலோ கடல்மீன் வளர்ப்பவர், உப்புக் கலவையை நன்னீரில் கரைத்தே கடல்நீர் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அத்தகைய தொட்டியில் முதலில் குடியேற வேண்டியது மீனன்று. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரே. மீனின் கழிவில் பிறக்கும் அம்மோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் உண்டு. இவற்றை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி ஆராய்ந்து விளக்கினார். இவை பெருகுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் பத்து மீன்களை ஒருசேர வாங்கி விடுபவர், பகையில்லாத மீன்களைத் தேர்ந்திருந்தாலும் அவற்றை இழந்துவிடுவார். 1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், நுண்ணுயிர் நிறைந்த பாறைத்துண்டுகளைத் தொட்டியில் இட்டு, இயற்கை முறையில் கடல்மீன் வளர்ப்பது பற்றி எழுதினார். நீரைத் தூய்மை செய்யும் அப்பாறைகள் அஞ்சிய மீனுக்குப் புகலிடமும் ஆகின்றன.

நீர் சீர்பட்டது, ஆனால் சண்டை ஓயவில்லை. அதன் காரணத்தை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஆஸ்திரிய அறிஞர் கான்ராட் லாரன்ஸ். 1963-இல் வெளிவந்த தம் நூலில், பவளப்பாறை மீன்களைத் தொட்டியில் வைத்துக் கண்டதை விவரித்தார். வேற்றினத்தை இரையாகக் கொள்வது வேறு. பகைமையால் தாக்குவது வேறு. ஒரு மீன் பெரும்பாலும் பகைமையுடன் தாக்கியது தன் இனத்தையே! ஒரே இனத்துக்கு ஒரே உணவும் ஒரே உறைவிடமும் தேவையல்லவா? அவ்வாறு விரட்டுவதனால் கடலில் மீன்கள் பரவி வாழ்கின்றன. தொட்டியில் பரவ இடமேது? பளிச்சிடும் வண்ணமுடைய மீன்களில் இரண்டை அழகுக்காகச் சேர்த்து வாங்கியவர்கள், மறுவாரம் ஒன்றையே காண நேர்ந்ததன் காரணம் இதுதான். 1970-களில் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் இக்கருத்தை மேலும் விரித்தன. பாறையில் தன் எல்லையைக் காக்கும் மீன், தன் உணவுக்குப் போட்டியாகும் வேற்றினத்தையும் விரட்டுகிறது என்று தெரிந்தது. உருவத்திலும் உணவிலும் தன்னை ஒத்தவனே மீனுக்குப் பகைவன் என்று கொள்ளலாம்.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் விதிகள் சில. வாயில் அடங்குவதெல்லாம் இரையே. சிங்கமீனுடனோ களவாவுடனோ சிறுமீனை விடலாகாது. கிளாத்தி போன்ற முரட்டு மீன், நண்டையும் இறாலையும் கடித்துத் தின்றுவிடும். நிதானமாக இரை கொள்ளும் மீனை, பாய்ந்து பறிக்கும் மீனுடன் வைத்தால், ஒருவர் தீண்டாமலே அது பட்டினியால் மடியும். சாதுவானதை முதலிலும் முரடானதை இறுதியிலும் குடியேற்றுதல் நலம். முன் வந்தது இடத்தைத் தனதாக்கிக் கொள்வது மீனுலகிலும் வழக்கமே. புதியதைச் சில வாரம் தனித்தொட்டியில் வைத்து, நோயில்லை என்று கண்ட பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

ஒரே இனத்தில் இணையாக வாழ்பவையும் உண்டு. கோமாளி மீன் கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண். பெண் இறந்தால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடுகிறது என்பதை 1977-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஆகவே இளம் மீன்கள் இரண்டை ஒன்றாக விட்டால், பெரும்பாலும் காலப்போக்கில் அவை தாமே இணையாக அமைகின்றன. முதிர்ந்த பெண்மீன்கள் இரண்டை விட்டாலோ போர்தான். மற்ற மீன்களின் உடலில் ஒட்டிய புல்லுருவிகளைப் பொறுக்கித் தின்னும் துப்புரவு மீனைப் பலர் நன்மை கருதி வாங்குகின்றனர். வீட்டுத் தொட்டியில் அதற்குப் போதிய இரை அமையாது. பிறர்க்கு உதவ வந்தது தானே வாடிப்போகிறது.

இறுதியாக, மீன் எங்கிருந்து வருகிறது என்பதும் தேர்வில் அடங்கும். காஸின் நூல்களால் எழுந்த ஆர்வத்தில், இங்கிலாந்தின் கரையோரக் குட்டைகளை மக்கள் சூறையாடினர். அதை அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளியிட்ட நூலில் வருத்தத்துடன் எழுதினார். நம் நாட்டில் பாறை அமைக்கும் பவளங்களும் கடற்குதிரைகளும் 2001-இல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கடலிலிருந்து அவற்றை எடுத்தல் குற்றமாகும். மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள மண்டபத்தில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை வகுத்துள்ளனர். தொட்டியிலேயே பிறந்த மீன், தொட்டி வாழ்வுக்குப் பழகியது; அதற்காகக் கடல் எதையும் இழப்பதில்லை.

கடலிலே மீன் தன் அயலாரைத் தானே தேர்கிறது. பிடிக்காவிட்டால் பெயர்ந்து போகிறது. அந்த உரிமையை எடுத்துக்கொண்டவர் நாம். ஆதலின் ஒவ்வொரு மீனையும் வாங்குமுன், அது எவ்வளவு வளரும், எதைத் தின்னும், எதை விரட்டும் என்று விசாரித்தறிவது நம் கடமை. கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்விகள் இவையே.